வெயிலும் பொலிகாளையும்

ஊவா மாகாணத்தில், ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்திலுள்ள பண்டாரவளைப் பக்கத் தோட்டங்களின் குளிர் ஃபிரீசியன், ஜெர்சி முதலிய ஐரோப்பிய இனங்களுக்கு ஒத்துப்போனாலும், அதே பதுளை மாவட்டத்தின் மகியங்கனைத் தாழ்நில வெயில் அவ்வினப் பொலிகாளைகளின் சினைப்படுத்தும் திறனைக் குறைக்கக்கூடியது. காளையின் விதைகள் உடல் வெப்பநிலையிலும் 2 முதல் 6 பாகை செல்சியஸ் குறைந்திருந்தால்தான் நல்ல விந்தணுக்கள் உருவாகும் என்பதால், அவை உடலுக்கு வெளியே விதைப்பையில் தொங்குகின்றன. அங்கு செல்லும் நாடிக் குருதியையும் சுற்றிப் படர்ந்த நாளப் பின்னல் குளிர்விக்கிறது. வெப்பமும் ஈரப்பதனும் மிகுந்து, உடல் தன் சூட்டை வெளியேற்ற இயலாது திணறும் வெப்ப அயர்ச்சி நிலையில், விந்தணுக்களின் அசைவு குன்றி, உருக்குலைந்தவை பெருகுகின்றன.

இதில் மிகவும் கவனிக்கத்தக்கது காலத்தாழ்வாகும். விந்தணு உருவாக ஏறத்தாழ 61 நாட்கள் செல்வதால், கேடு சில வாரங்கள் கழித்தே வெளிப்பட்டு, வெயில் தணிந்த பின்னரும் நீடிக்கிறது. அதற்குள் சினை பிடிக்காத பழி பசுவின்மேல் விழுந்து, நல்ல கறவை விற்கப்பட்டுவிடக்கூடும் என்பது ஒரு மாட்டை நம்பி வாழும் குடும்பத்துக்குப் பேரிழப்பு. பூச்சியத்துக்குக் கீழ் 196 பாகையில், திரவ நைதரசனில் காக்கப்படும் உறைவிந்து கொண்டு செய்யும் செயற்கை முறைச் சினைப்படுத்தல், காளையை வெயிலுக்குக் கொண்டுவரும் தேவையையே நீக்குகிறது. காளையே வேண்டுமென்போருக்கு, வெப்பம் தாங்கும் சாகிவால் கலப்பினமும், நண்பகல் நிழலும், குறையாத குடிநீரும் துணைசெய்யும்.