ஊக்குநருக்கு மட்டும் தெரிந்தால் போதுமா?



கடலூருக்கு வடக்கே, புதுவை எல்லைக்குள் இருக்கிற நல்லவாடு மீனவர் கிராமம் நம்மில் பலருக்குத் தெரியும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் கிராம அறிவு மையம் அங்கே நடந்து வந்தது. 2004 டிசம்பர் 26 காலையில், சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர்ப் பிள்ளை ஒருவர் வீட்டுக்கு போன் போட்டு ஆபத்தைச் சொன்னார். உடனே மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஜனங்கள் வெளியேறி உயிர் தப்பினார்கள். ஒரு வீட்டுக்கு வந்த சேதி ஊருக்கே போய்ச் சேர்ந்தது, அதுதான் காப்பாற்றியது.

நம்ம குழுக்களில் என்ன நடக்குது? கணக்கு எழுதுறது, கடன் மனு போடுறது, வங்கி மேலாளரிடம் பேசுறது எல்லாம் ஊக்குநர் அக்காவுக்கு மட்டுந்தான் தெரியும். அவங்க வெளியூர் போய்ட்டா பதிவேடு அப்படியே நிக்குது, அடுத்த கடன் தள்ளிப் போகுது.

அதனால மூணு காரியம் செய்யுங்க. கூட்டத்தில் தீர்மானப் புத்தகத்தைச் சத்தமா படிங்க. கையெழுத்தோட நிறுத்தாம, மாசம் ஒருத்தரா வரவு செலவு எழுதிப் பழகுங்க. வங்கிக்குப் போகும்போது ஒவ்வொரு தடவையும் புதுசா ஒரு உறுப்பினரைக் கூட்டிட்டுப் போங்க. சிதம்பரம் பக்கத்துக் குழு கத்துக்கிட்டதைக் கடலூர் குழுவும் தெரிஞ்சுக்கத்தான் இந்தக் கூட்டமைப்பே இருக்கு.