இதய மாத்திரையும் பெரும்பாடும்

(திருநின்றவூரில் கூடிய பஞ்சாயத்துப் பணியாளர், விவசாயிகள், மாதர் குழுவினர் ஆகியோரிடையே வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



ஏரிக் கலங்கலைப் பற்றியோ, பாதையைப் பற்றியோ, தெருவிளக்கைப் பற்றியோ பேசப்போகிறோம் என்று எண்ணித் தாங்கள் இங்கு வந்திருக்கலாம். அவற்றைப் பேசுவதற்கு வேறு நாட்கள் உண்டு. இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள், ஆடவர் நிறைந்த சபையில் எவரும் வாய் திறவாத ஒன்று. வாய் திறவாமையினாலேயே சில உயிர்கள் வீணாகப் போகின்றன. ஆகவே கூச்சத்தைச் சற்று ஒதுக்கிவைத்துக் கேட்குமாறு வேண்டுகிறோம்.

இத்திருநின்றவூர் இதயத்திற்குப் பேர்போன ஊர். கல்லும் பொருளும் இன்றித் தம் நெஞ்சினுள்ளேயே சிவபெருமானுக்குக் கோயில் கட்டிய பூசலார் நாயனார் இவ்வூரினர். காஞ்சியில் கற்கோயில் எடுத்த காடவர்கோன், இறைவன் கனவில் பணித்தபடி பூசலாரைத் தேடி வந்தது இவ்வூருக்கே. இங்குள்ள இருதயாலீசுவரர் கோயிலுக்கு, இதய நோயுற்றோர் பல ஊர்களிலிருந்தும் வந்து வழிபட்டுச் செல்வதைத் தாங்கள் நாள்தோறும் காண்கிறீர்கள். அவ்வாறு வருவோரில் இளம் பெண்களும் பலர். இதய வால்வு பழுதுபட்டு, அறுவைச் சிகிச்சையால் உலோக வால்வு பொருத்தப்பெற்று, உயிர் மீண்டவர்கள் அவர்களிற் சிலர். அவர்கள் வாழ்நாள் முழுவதும் ஒரு மாத்திரை உட்கொள்ள வேண்டும். இரத்தம் எளிதில் உறையாதபடி தடுக்கும் மாத்திரை அது. அம்மாத்திரை உண்ணும் பெண்ணுக்கு மாதந்தோறும் நேரும் துன்பத்தைப் பற்றியே இன்று பேசுகிறோம்.

நாம் கண்ட ஒரு நிகழ்ச்சி

நாம் முன்னர் வேறொரு வட்டாரத்தில் பணியாற்றிய காலத்தில், நூறு நாள் வேலைக்கு வந்த ஒரு பெண், மாதத்தில் ஐந்தாறு நாட்கள் வராமல் நின்றுவிடுவது வழக்கம். வந்த நாட்களிலும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்க நிற்பார். வருகைப் பதிவேட்டைப் பார்த்த நாம், "ஒழுங்கற்றவர்" என்று மேற்பார்வையாளரிடம் குறைபட்டுக்கொண்டோம். காரணத்தை வினவவில்லை.

அப்பெண்ணுக்கு வால்வு மாற்றப்பட்டிருந்தது. மாத்திரை தொடங்கிய பின்னர் மாதவிடாய் பெருகி, எட்டு ஒன்பது நாட்கள் நிற்காமல் போயிற்று. வீட்டிலுள்ளோரிடமும் சொல்லக் கூசி, தமக்குத் தாமே ஒரு வழி கண்டார். விலக்கான நாட்களில் மாத்திரையை நிறுத்திவிடுவார். போக்கு நின்றதும் மீண்டும் உண்பார். சில மாதங்கள் இவ்வாறு நடந்தது. ஒரு நாள் காலையில் வாய் கோணி, பேச்சுக் குழறி, வலக்கை தூக்க இயலாமல் போயிற்று. வால்வில் உறைந்த இரத்தக் கட்டி ஒன்று மூளைக்குச் சென்று அடைத்துக்கொண்டது என்று மருத்துவர்கள் கூறினார்கள். உயிர் தப்பினார், ஆயினும் அந்தக் கை பழைய நிலைக்கு வரவில்லை. பின்னர் அவர் வீட்டிற்கு நாம் சென்றபோது, "ஐயா, யாராவது ஒருவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்" என்றார். அச்சொல் இன்றளவும் நம் மனத்தை விட்டு அகலவில்லை. இவ்வுரைக்குக் காரணமும் அதுவே.

மாட்டுத் தீவனத்தில் பிறந்த மருந்து

இம்மருந்தின் வரலாறு, மாடு வளர்ப்போர் கேட்கத் தக்கது. 1920-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் வடபகுதியிலும் கனடாவிலும் மாடுகள் காரணம் தெரியாமல் இரத்தம் பெருகி மாண்டன. கொம்பை நீக்கினாலும் காயடித்தாலும் காயத்தில் இரத்தம் நிற்பதில்லை. கிளாவர் என்னும் தீவனப் பயிரின் ஒருவகையை உலர்த்தி வைத்த வைக்கோல், ஈரத்தால் பூசணம் பிடித்துக் கெட்டிருந்தது. அதைத் தின்ற மாடுகளே இவ்வாறு இறந்தன. 1933-ஆம் ஆண்டில் விஸ்கான்சின் மாகாணத்து விவசாயி ஒருவர், பனிப்புயலையும் பொருட்படுத்தாமல், இறந்த கிடாரியையும், உறையாத இரத்தம் நிறைந்த ஒரு பால் கேனையும், கெட்ட வைக்கோலையும் வண்டியிலேற்றிக்கொண்டு அங்குள்ள பல்கலைக்கழகத்துக்கு வந்தார். கார்ல் பால் லிங்க் என்னும் இரசாயன அறிஞரும் அவருடைய மாணவர்களும் பல ஆண்டுகள் உழைத்து, அவ்வைக்கோலில் இருந்த நஞ்சைப் பிரித்தெடுத்தார்கள். அதன் வழியில் உருவானதே வார்பரின். 1948-இல் அது எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது. 1954-இல் மனிதருக்குரிய மருந்தாக ஏற்கப்பட்டது. நம் நாட்டில் வார்பரினுடன், அதே இனத்தைச் சேர்ந்த அசினோகுமரால் என்னும் மாத்திரையும் பெரிதும் வழங்கப்படுகிறது.

"எலி மருந்தையா உண்பது?" என்று அஞ்ச வேண்டுவதில்லை. அளவே மருந்தையும் நஞ்சையும் பிரிக்கிறது. வயலுக்கு நீர் வேண்டும்; மிகுந்தால் பயிர் அழுகும், குறைந்தால் கருகும். இம்மருந்தும் அத்தகையது. இரத்தத்தை உறையச் செய்யும் பொருள்களைக் கல்லீரல் ஆக்குவதற்கு வைட்டமின் 'கே' இன்றியமையாதது. இம்மருந்து அவ்வைட்டமினின் வேலையைத் தடுக்கிறது. மடை எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை அறிய ஐ.என்.ஆர். என்னும் இரத்தப் பரிசோதனை உள்ளது. மருந்து உண்ணாதவருக்கு அந்த எண் ஏறக்குறைய 1. உலோக வால்வு பொருத்தியவர்களுக்கு, வால்வின் வகையையும் இடத்தையும் பொறுத்து, அது பெரும்பாலும் 2-க்கும் 3.5-க்கும் இடையில் இருக்க வேண்டும். தமக்குரிய எண் எது என்பதை ஒவ்வொருவரும் மருத்துவரிடம் கேட்டுக் குறித்துவைத்துக்கொள்ளுதல் நலம்.

பெரும்பாடு என்பது யாது?

மாதவிடாயின்போது கருப்பையின் உட்தோல் உதிர்ந்து, சிறு இரத்தக் குழாய்கள் திறந்துகொள்கின்றன. இரத்தம் உறைந்து அவற்றை அடைக்கும்பொழுது போக்கு நிற்கிறது. உறைதல் தாமதமானால் போக்கு நீள்வது இயல்பே. நம் முன்னோர் இதனைப் பெரும்பாடு என்றனர். ஒரு மாதவிடாயில் 80 மில்லிக்கு மேற்பட்ட இழப்பை மருத்துவ நூல்கள் மிகுதி என்று கொள்கின்றன. வீட்டில் எவரும் அதை அளந்து பார்ப்பதில்லை. ஆதலால் இவ்வடையாளங்களை அறிந்துகொள்க: ஏழு நாட்களுக்கு மேல் நீடித்தல், ஒரு மணி அல்லது இரண்டு மணி நேரத்திற்கொருமுறை துணியோ நாப்கினோ மாற்ற நேர்தல், இரவில் எழுந்து மாற்ற நேர்தல், ரூபாய் நாணயம் அளவான கட்டிகள் வெளிப்படுதல், மயக்கம், படபடப்பு, மூச்சிரைப்பு.

நம் மாநிலத்தில் 2019–21-ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 53 பேர் இரத்தச் சோகை உடையவர்கள். ஏற்கெனவே இரத்தம் குன்றிய உடலிலிருந்து மாதந்தோறும் மேலும் இரத்தம் போகுமானால், பழுதுபட்டுச் சீரமைக்கப்பட்ட இதயம் அச்சுமையை எங்ஙனம் தாங்கும்?

செய்யத் தகாதவை

முதலாவது, மாத்திரையைத் தாமாக நிறுத்தலாகாது. ஒரு நாளும் ஆகாது. போக்கு மிகுந்தால் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். எண்ணைப் பார்த்து அளவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டியவர் அவரே.

இரண்டாவது, வயிற்று வலிக்கெனக் கடையில் மாத்திரை வாங்கலாகாது. இபுபுரூபன், டைக்ளோபினாக், மெபினாமிக் அமிலம் முதலியவை இம்மருந்துடன் சேர்ந்தால் இரத்தப்போக்கை மிகுவிக்கும். ஆஸ்பிரினையும் மருத்துவர் எழுதித் தந்தாலன்றி உண்ணலாகாது. வலிக்குப் பாரசிட்டமால் ஏற்றது. அதையும் மிகுந்த அளவில் பல நாட்கள் தொடர்ந்தால் ஐ.என்.ஆர். உயரும்.

மூன்றாவது, கீரையைப் பற்றிய தவறான எண்ணம். கீரையில் வைட்டமின் 'கே' மிகுதி என்பது உண்மை. முருங்கைக் கீரையிலும் அது நிறைந்துள்ளது. அதனால் கீரையே கூடாது என்று விலக்குவோர் உளர். அது தேவையில்லை. ஒரு வாரம் நாள்தோறும் உண்டு மறுவாரம் அறவே விடுவதுதான் தீங்கு. வாரந்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் உண்டு வந்தால், மாத்திரையின் அளவை அதற்கேற்ப மருத்துவர் அமைத்துக்கொள்வார். நாட்டு மருந்து, லேகியம் எதுவாயினும் மருத்துவரிடம் சொல்லாமல் சேர்க்க வேண்டா.

செய்யத் தக்கவை

"மாத்திரை உண்பதனால் இப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்" என்று எண்ணுவது பெரும் பிழை. இதற்குச் சிகிச்சை உண்டு. முதலில் ஐ.என்.ஆர். அளவு மிகுந்துள்ளதா என்று பார்ப்பார்கள். கருப்பையில் கட்டி உளதா, தைராய்டுக் கோளாறு உளதா என ஆராய்வார்கள். மாத்திரையின்மேல் பழியைப் போட்டு மற்ற நோய்களைக் கவனியாது விடலாகாது. கருப்பையினுள் வைக்கப்படும் ஹார்மோன் சாதனம் ஒன்று, சில ஆண்டுகள் வரை போக்கைப் பெரிதும் குறைக்க வல்லது. இது காப்பர்-டி அன்று. காப்பர்-டி போக்கை மிகுவிக்கக்கூடும். ஹார்மோன் மாத்திரைகளும், டிரனெக்ஸாமிக் அமில மாத்திரையும் உள்ளன. ஆயினும் இரத்தம் உறைவதை மிகுவிக்கும் கருத்தடை மாத்திரைகளும் இருப்பதால், இன்னாருக்கு இன்னது என்பதை இதய மருத்துவரும் மகளிர் மருத்துவரும் கலந்தே முடிவு செய்ய வேண்டும். கருப்பையை எடுத்துவிடுவது முதல் வழியன்று.

காலில் இரத்தம் உறைந்தவர்களுக்கு இக்காலத்தில் ரிவராக்ஸபான், அபிக்ஸபான் போன்ற புதிய மாத்திரைகள் தரப்படுகின்றன. அவற்றில் ரிவராக்ஸபான் மாதவிடாயைப் பெருக்குவது மிகுதி என்று தெரிய வந்துள்ளது. தொல்லை மிகுந்தால் மருத்துவர் வேறொன்றுக்கு மாற்றித் தரலாம். உலோக வால்வு உடையவர்கள் இப்புதிய மாத்திரைகளுக்கு மாறலாகாது.

இரும்புச் சத்து மாத்திரையை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பெறலாம். அதனை எலுமிச்சைச் சாற்றுடன் உண்க. காப்பி, தேநீருடன் வேண்டா. கருத்தரிக்க விரும்பும் பெண் அதற்கு முன்னரே மருத்துவரைக் காண வேண்டும்; வார்பரின் கருவிலுள்ள குழந்தைக்குத் தீங்கு செய்யக்கூடும். மயக்கம், நிற்காத போக்கு, கடுந்தலைவலி, கருநிற மலம், கை கால் மரத்தல், பேச்சுக் குழறல் ஆகியவற்றில் எது கண்டாலும் 108-ஐ அழைக்கத் தாமதிக்கலாகாது.

திருநின்றவூரில் மின்சார ரயில் ஏறினால் சென்ட்ரலில் இறங்கி எதிரே உள்ள அரசு பொது மருத்துவமனைக்கு நடந்தே செல்லலாம். வசதி அருகில் உள்ளது. கூச்சமே தூரத்தில் நிறுத்துகிறது.

நம் கடமை

வால்வு பழுதடைவதற்கு நம் நாட்டில் பெருங்காரணமாய் இருப்பது, பிள்ளைப் பருவத்தில் வரும் தொண்டைப் புண்ணே. அதனைக் கவனியாது விட்டால் மூட்டு வீங்கி வலிக்கும் வாதக் காய்ச்சல் தோன்றி, இதயத்தைத் தாக்குகிறது. உரிய காலத்தில் பென்சிலின் கொடுத்தால் இதனைத் தடுக்கலாம். வாதக் காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு மூன்று வாரத்திற்கொருமுறை போடும் ஊசியை இடையில் விடலாகாது. பள்ளிப் பிள்ளைகளின் தொண்டை வலியைச் சிறிதென எண்ணாதீர்கள்.

பழுதான வால்வை மாற்றுவதும் இன்று ஏழைகளுக்கு எட்டாததன்று. திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் உருவாக்கப்பட்ட உள்நாட்டு வால்வு, 1990-ஆம் ஆண்டு டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. குறைந்த விலையில் ஏழைகளுக்கும் கிட்ட வேண்டும் என்பதே அதன் நோக்கம். நாட்டின் அறிவும் பொருளும் செலவிட்டுக் காத்த உயிரை, ஊரின் மௌனம் இழக்கலாமா?

ஆகவே பஞ்சாயத்துப் பணியில் உள்ளோர் மூன்று காரியங்களைச் செய்யலாம். வேலை நடைபெறும் இடத்திலும் பள்ளியிலும் பெண்களுக்குத் தண்ணீரும், தாழ்ப்பாள் உள்ள கழிப்பிடமும், துணி அகற்ற வழியும் செய்க. கிராம சுகாதாரச் செவிலியர் வாயிலாக இம்மாத்திரை உண்போரை அறிந்து, மாதப் பரிசோதனைக்குச் சென்று வர உதவுக. அவர்தம் பெயர் வெளியே பரவாதவாறு காத்தல் வேண்டும். மூன்றாவது, வேலைக்கு வராத பெண்ணைக் குறைகூறுமுன், மாதர் குழுவினர் ஒருவரைக் கொண்டு காரணத்தை அன்புடன் வினவுக. 2016-ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் பஞ்சாயத்து இடங்களில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கியது. அப்பாதி இடத்தில் இத்தகைய பேச்சுக்கும் இடம் இருக்க வேண்டும்.

உழவர் பெருமக்களே! மாடு தீவனம் எடுக்கவில்லையென்றால் அன்றே மருத்துவரை அழைத்து வருகிறீர்கள். விஸ்கான்சின் விவசாயி பனிப்புயலில் வண்டி ஓட்டி வந்ததும் மாட்டின் பொருட்டே. நம் வீட்டுப் பெண் முகம் வெளுத்து, படியேற மூச்சு வாங்கி நிற்கும்பொழுது, "உடம்புக்கு என்ன?" என்று ஒரு சொல் கேட்டல் அரிதன்று. நாம் ஒருகால் கேட்கத் தவறினோம். தாங்கள் தவறாதிருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு இவ்வுரையை முடிக்கிறோம்.