ஏரிக்கரை வெந்நீரும் ஒரு போஸ்ட்மாஸ்டரும்

(லம்பா லைனில் உறுப்பினர் ஒருவர் இல்லத்தில் நடந்த கூட்டத்தில் பேசியது)



ஜப்பான் போய் வந்ததைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். புல்லட் ரயிலையும் ஃப்யூஜி மலையையும் நீங்கள் டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். நான் வடக்கே ஹொக்கைடோ தீவில் உள்ள டோயா என்ற ஏரிக்கரை ஊரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதற்கும் இந்த லம்பா லைனுக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. பின்னால் வருகிறேன்.

சப்போரோவில் வேலை பார்க்கும் என் பிள்ளை எங்கள் இருவரையும் பஸ்ஸில் அழைத்துப் போனான். ஏரி ஏறக்குறைய வட்டமானது. குறுக்களவு சுமார் 10 கிலோமீட்டர். ஒரு லட்சம் ஆண்டுகளுக்கு முன் பெரிய எரிமலை ஒன்று வெடித்தது. உள்ளே காலியான இடம் அமுங்கி, அதில் நீர் தேங்கி ஏரியாயிற்று. கடும் குளிரிலும் உறைவதில்லை. தென்கரையில் உஸு என்ற எரிமலை இன்னும் உயிரோடு இருக்கிறது. 1910-ல் அது வெடித்த பிறகுதான் கரையில் வெந்நீர் கண்டார்கள். ஊர் வளர்ந்தது அந்த வெந்நீரால்தான்.

ஸ்நான விதிகள் நம் ஆசாரத்தை மிஞ்சும். சின்ன முக்காலியில் உட்கார்ந்து, சோப்புத் தேய்த்து, சுத்தமாகக் குளித்த பிறகே தொட்டியில் இறங்கலாம். ஆண், பெண் தனித்தனி. ஆனால் கோவணம்கூடக் கூடாது! எழுபதுக்கு மேல் என்ன வெட்கம் என்று இறங்கிவிட்டேன். முழங்கால் வலி அன்று இரவு தெரியவில்லை. சாப்பாடுதான் கஷ்டம். சூப்பில் காய்கறி மட்டும் தெரியும். அடியில் மீன் சாறு இருக்கும். கையோடு கொண்டுபோன புளிக்காய்ச்சல் காப்பாற்றியது.

மறுநாள் ஷோவா ஷின்ஸான் என்ற மலைக்குப் போனோம். உயரம் 398 மீட்டர். 1943 கடைசியில் அங்கே கோதுமை வயல்தான் இருந்தது. பூகம்பம் வந்து, தரை வீங்கி, 1945-க்குள் மலையாகிவிட்டது. யுத்த காலம்; ஜனங்கள் கலங்கக் கூடாதென்று அரசாங்கம் செய்தியை அமுக்கியது. ஆராய்ச்சிக்கு ஆளும் இல்லை, கருவியும் இல்லை. உள்ளூர் போஸ்ட்மாஸ்டர் மிமாட்சு மஸாவோ என்பவர், போஸ்ட் ஆபீஸுக்குப் பின்னால் கம்பங்கள் நட்டு, குறுக்கே கயிறு கட்டி, எப்போதும் ஒரே இடத்தில் முகவாயை வைத்துப் பார்த்து, மலை வளர்வதைப் படமாகக் குறித்து வந்தார். அந்தப் படம் 1948-ல் ஆஸ்லோவில் நடந்த உலக விஞ்ஞானிகள் மாநாட்டில் வைக்கப்பட்டது. பின்னாளில் அந்த நிலத்தையே சொந்தப் பணத்தில் வாங்கிக் காப்பாற்றினார். அடிவாரத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது.

குறித்து வைத்ததன் பலனை 2000-ல் பார்த்தார்கள். உஸு வெடிக்குமுன் தரை அதிரும் என்பது பழைய பதிவுகளில் இருந்தது. மார்ச் கடைசியில் அதிர்வு தொடங்கியதுமே பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வெளியேற்றினார்கள். 31-ந் தேதி வெடித்தது. ஒருவரும் சாகவில்லை.

இப்போது லம்பா லைனுக்கு வருகிறேன். மிமாட்சு கயிறு கட்டிய அதே வருஷங்களில், அதே அரசாங்கத்தின் ராணுவம் இங்கே நம் ஜனங்களை அடித்து வேலை வாங்கி விமான ஓடுதளம் போட்டது. 1944 ஜனவரி 30-ந் தேதி ஹம்ப்ரிகஞ்சில் 44 பேரைச் சுட்டது. சிலை முன் நின்றபோது அதுவும் நினைவில் இருந்தது. ஆனாலும் அந்த மனிதரைக் கும்பிடத்தான் தோன்றியது.

அதற்குக் காரணம் என் குறை. 2004 டிசம்பர் 26-ல் நான் இங்கே, அப்போது போர்ட் பிளேயர் என்ற இந்த ஊரில், உத்தியோகத்தில் இருந்தேன். பூகம்பத்தில் இந்தப் பக்கத்து நிலம் சுமார் ஒரு மீட்டர் இறங்கிவிட்டது. சிப்பிகாட்டில் நெல்வயலில் கடல் புகுந்து, திரும்பிப் போகவே இல்லை. ஆபீஸ் ஜீப்பில் அந்த வழியாகத்தான் தினமும் போவேன். “ஒரு குச்சியை நட்டுத் தண்ணீர் ஏறுவதைக் குறித்து வையுங்களேன், நீங்கள்தான் பி.எஸ்ஸி. ஆயிற்றே” என்றாள் என் மனைவி. “அதற்கெல்லாம் வேறு டிபார்ட்மென்ட் இருக்கிறது” என்றேன். அவர்கள் தங்கள் வேலையைச் செய்தார்கள். நான் கண்ணால் பார்த்தது மட்டும் எங்கேயும் பதிவாகாமல் போயிற்று.

எரிமலையும் அந்தப் போஸ்ட்மாஸ்டரின் டிபார்ட்மென்ட் இல்லை.

திரும்பி வந்ததும் ஒரு நோட்டு வாங்கி, சிப்பிகாட்டைப் பற்றி நினைவில் இருப்பதை எழுதத் தொடங்கியிருக்கிறேன். தேதிகள் பாதி மறந்துவிட்டன. மனைவிதான் எடுத்துக் கொடுக்கிறாள். எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் பார்த்ததைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.