‘இரு’ என்னும் வினை: மனநெருக்கடியும் நம் மொழியும்



தமிழ் வினைகளின் பொருட்பரப்பைப் பற்றிப் பேசுவதாக ஒப்புக்கொண்டுதான் இம்மேடைக்கு வந்திருக்கிறேன். அந்த வாக்கிலிருந்து நான் விலகப் போவதில்லை. ஆனால் நான் எடுத்துக்கொண்ட சான்று எந்த ஏட்டிலிருந்தும் வந்ததன்று. என் வீட்டிலிருந்து வந்தது. என் தம்பியின் இசைவு பெற்றே அதைச் சொல்கிறேன்.

2017ஆம் ஆண்டு, தைப்பூசம் முடிந்த மறுவாரம். தம்பி இதே பத்துமலைக்கு அருகிலுள்ள ஒரு தாமானில் குடியிருந்தான், நான் பிரிக்பீல்ட்ஸில். அவனுக்கு வேலை போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. அவ்வாரத்தில் இரண்டு முறை தொலைபேசியில், “எனக்கு இருக்கப் புடிக்கலக்கா” என்றான். வாடகை வீடு பிடிக்கவில்லை போலும் என்று நான் கருதினேன். “அப்படின்னா இங்க வந்து இருடா” என்றேன். முப்பதாண்டுக் காலம் வினையியல் கற்பித்தவள் சொன்ன மறுமொழி அது.

‘இரு’ என்பது ஓரிடத்தில் தங்குதலையும் குறிக்கும்; உயிரோடிருத்தலையும் குறிக்கும். வாசலில் நின்று “தாத்தா இருக்காரா?” என்று கேட்டால் வீட்டில் இருக்கிறாரா என்பது பொருள். பல்லாண்டுகளுக்குப் பின் ஊர் திரும்பியவர் அதே கேள்வியைக் கேட்டால் பொருள் வேறு. சூழல் இதனைத் தெளிவாக்கிவிடும் என்று மாணவர்க்குப் பாடம் சொல்லியிருக்கிறேன். கேட்பவர்க்குச் சூழலைப் பார்க்கத் துணிவு வேண்டும் என்பதைச் சொன்னதில்லை.

மூன்றாம் நாள் இரவு பேச்சை முடிக்கும்போது தம்பி, “சரிக்கா, போறேன்” என்றான். நம் வீடுகளில் யாரும் அப்படி விடைபெறுவதில்லை. ‘வர்றேன்’ என்போம்; மிஞ்சினால் ‘போய்ட்டு வர்றேன்’ என்போம். சிறு வயதில் ‘போறேன்’ என்று சொல்லி அம்மாவிடம் திட்டு வாங்காத பிள்ளை நம்மில் உண்டா? அந்த ஒரு சொல்தான் என்னை உறுத்தியது. உடனே காரை எடுத்தேன்.

அவனை ஓர் அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுசென்றோம். வழியில் அவன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, “அண்ணி, அந்த வார்த்தைய மட்டும் டாக்டர்கிட்ட சொல்லிடாதீங்க. போலீஸ் கேஸ் ஆயிடும்” என்றாள். அந்த அச்சம் வெறும் அச்சமன்று. தற்கொலைக்கு முயல்வது அப்போது குற்றவியல் சட்டத்தின் 309ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். நாடாளுமன்றம் அதை நீக்கியது 2023இல்தான். ‘தற்கொலை’ என்ற சொல்லிலேயே ‘கொலை’ உட்கார்ந்திருப்பதையும் கருதிப் பாருங்கள். சட்டம் நீங்கிவிட்டது, சொல்லிலிருந்து குற்றம் இன்னும் நீங்கவில்லை.

ஆகவே பதிவு முகப்பில் “நெஞ்சு அடைக்கிறது, தூக்கமில்லை” என்று மட்டும் சொன்னோம். ‘நெஞ்சு’ என்றால் நமக்கு மார்பும் அதுவே, மனமும் அதுவே. அவர்களுக்கு மார்பு மட்டும். இதயத்துடிப்பைப் பதிந்து பார்த்தார்கள், கோளாறில்லை. உயிருக்கு ஆபத்தில்லாதவர்க்குரிய பச்சைப் பகுதியில் காத்திருக்கச் சொன்னார்கள். ஏறத்தாழ மூன்று மணி நேரம்.

நான் காரை மாற்றி நிறுத்தப் போன வேளையில் இளம் மருத்துவர் ஒருவர் வந்திருக்கிறார். தம்பிக்கு மலாய் நன்றாகத் தெரியும். வேலையிடத்தில் அவன் பேசியதெல்லாம் மலாய்தான். அன்றிரவு அவனுக்குத் தமிழ் மட்டுமே வந்தது. தமிழறிந்த பணியாளர் ஒருவரை அழைத்துக் கேட்டிருக்கிறார்கள். அவன் சொன்னது அதே தொடர்: “இருக்கப் புடிக்கல.” அந்தப் பெண் அதை மலாயில், “தா மாவ் திங்கால்” என்றார், இங்கே தங்க விருப்பமில்லையாம். நான் திரும்பி வந்தபோது மருத்துவர் வீட்டுக்கு அனுப்பும் தாளில் எழுதிக்கொண்டிருந்தார்.

அந்தப் பணியாளரை நான் குறை சொல்லமாட்டேன். மூன்று நாள் முன்பு நான் செய்த அதே மொழிபெயர்ப்பைத்தான் அவரும் செய்தார், முனைவர் பட்டம் இல்லாமலே.

“டாக்டர், இவன் சாக நினைக்கிறான்” என்று நேராக மலாயில் சொன்னேன். தம்பியின் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். மருத்துவர் பேனாவை மூடினார், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுத் தம்பிக்கு எதிரே உட்கார்ந்தார், நான் மொழிபெயர்க்க, ஒவ்வொன்றாகக் கேட்டார். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா? எப்போதிருந்து? இன்றிரவு அப்படி ஏதும் எண்ணினீர்களா? தம்பி எல்லாவற்றுக்கும் விடை சொன்னான். காவல்துறை வரவில்லை. விடியற்காலையில் மனநலப் பிரிவில் சேர்த்தார்கள். பதினொரு நாள் இருந்தான்.

உறவினரிடம் ‘வயிற்றுப்புண்’ என்று சொல்லிவைத்தோம். ஏனென்று உங்களுக்குத் தெரியும். பேராக் மாநிலத்தில் 1911இல் திறக்கப்பட்ட மனநோய் மருத்துவமனை அமைந்த ஊரின் பெயரான தஞ்சோங் ரம்புத்தான், இந்நாட்டில் எல்லா மொழியினரிடத்தும் ஒரு வசைச்சொல். சென்னைத் தமிழர்க்குக் கீழ்ப்பாக்கம். இலங்கைத் தமிழர்க்கு அங்கொடை. அம்மருத்துவமனைக்கு 1971இல் மகிழ்ச்சி என்று பொருள்படும் ‘பஹாகியா’ என்ற பெயர் சூட்டினார்கள். வசை பழைய பெயரிலேயே தங்கிவிட்டது. பெயர்மாற்றத்தால் மட்டும் ஆகிவிடும் என்று நம்பும் மொழியறிஞர்கள் இதைக் கருத வேண்டும்.

கலைச்சொல் ஆக்குவோரிடமும் எனக்கொரு மனக்குறை உண்டு. நம் நாளேடுகள் ‘மன அழுத்தம்’ என்ற ஒன்றையே தேர்வுக்கால நெருக்கடிக்கும் எழுதுகின்றன. மாதக்கணக்கில் எழமுடியாமல் படுக்க வைக்கும் நோய்க்கும் எழுதுகின்றன. பின்னதற்கு ‘மனச்சோர்வு’ என்ற சொல் உண்டு. இரண்டும் கலந்துவிட்டதால், “எல்லாருக்கும் இருக்கிற அழுத்தம்தானே” என்று நோயாளியை அனுப்பிவிடுகிறோம். தம்பியிடம் நானும் அப்படிச் சொன்னதுண்டு.

ஆசிரியர்களே, உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை “இருக்கப் பிடிக்கவில்லை, டீச்சர்” என்றால், எங்கே என்று கேட்காதீர்கள். “சாகணும்னு தோணுதா?” என்றே கேளுங்கள். வாயில் நல்ல சொல்லே வர வேண்டும் என்று வளர்ந்த நமக்கு இது கூசும். கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்பது மனநல மருத்துவர்கள் ஆய்ந்து கண்ட முடிவு. விடை ‘ஆம்’ என்றால் பிள்ளையைத் தனியே விடாதீர்கள், பெற்றோரை அழையுங்கள், அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு எந்நேரமும் திறந்திருக்கும். சுகாதார அமைச்சின் உதவி எண் 15555. பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் எண் 03-76272929. முகப்பில் நெஞ்சு, தூக்கம் என்று சுற்றி வளைக்காமல் உள்ளதைச் சொல்லுங்கள்.

மண்டபத்தின் பின்மேசையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். ‘மண்டை காயுது’, ‘உள்ளே எரியுது’, ‘வெறுத்துப் போச்சு’ என உங்கள் வீடுகளில் வழங்கும் தொடர்களை, யார், எந்நிலையில் சொன்னது என்ற குறிப்போடு மாணவர்கள் எழுதிவிட்டுப் போகலாம். அவற்றுக்கு மலாயில் சரியான பொருள் எழுதி ஒரு சிறு கையேடாக அவசரப் பிரிவுகளுக்குக் கொடுக்க எண்ணியிருக்கிறேன். முதல் பக்கத்தில் ‘இருக்கப் புடிக்கல’ என்று தம்பியே எழுதியிருக்கிறான்.