இயற்பியலிலிருந்து பியானோவுக்கு: விஜய் ஐயரின் தாள வாழ்க்கை



கணித ஆசிரியர் ஒருவர் நினைவாக ஆத்தூரில் நடக்கும் சொற்பொழிவில் ஜாஸ் கலைஞருக்கு என்ன வேலை என்று அழைப்பிதழைப் பார்த்துச் சிலர் கேட்டீர்கள். அந்த ஜாஸ் கலைஞரான விஜய் ஐயர் கணிதமும் இயற்பியலும் படித்தவர். அந்தப் படிப்பை உதறிவிடாமல் இசைக்குள்ளேயே கொண்டுபோனவர். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்காகப் பிள்ளைகளின் பாட்டையும் மத்தளத்தையும் பரண்மேல் ஏற்றிவிடும் நாமக்கல், ராசிபுரம் வட்டாரத்துக்கு அவர் கதை அவசியம் தெரிய வேண்டும்.

1971இல் நியூயார்க் மாநிலத்து ஆல்பனியில், அங்கே குடியேறிய தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தார். மூன்று வயதில் வயலின் கையில் ஏறியது. மேற்கத்தியச் செவ்வியல் முறையில் பதினைந்து ஆண்டுப் பயிற்சி. பியானோவை மட்டும் பெரும்பாலும் காதால் கேட்டுத் தானாகவே பழகினார். யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம், பிறகு பெர்க்லியில் இயற்பியல் முனைவர் ஆய்வு. பெற்றோர் நிம்மதியாக இருக்கக்கூடிய பாதைதான். ஆனால் அங்கிருந்த நாட்களில் சாக்ஸபோன் கலைஞர் ஸ்டீவ் கோல்மன், டிராம்போன் கலைஞர் ஜார்ஜ் லூயிஸ் ஆகியோரின் தொடர்பு கிடைத்தது. இருவரும் கறுப்பின அமெரிக்கர்கள். இயற்பியல் ஆய்வு அத்துடன் நின்றது.

போலந்தின் ஜாஸ் மேதை கொமேடா இங்கே நினைவுக்கு வருகிறார். அவர் காது மூக்கு தொண்டை மருத்துவர். இசைக்கு வேறு பெயர் வைத்துக்கொண்டு மேடையேறியவர், பின்னர் மருத்துவத்தை விட்டு முழுநேர இசைக்கு வந்தார். ரோமன் போலன்ஸ்கியின் ‘ரோஸ்மேரிஸ் பேபி’ படத்துக்கு இசையமைத்த மறு ஆண்டே, 1969இல், 37 வயதில் மறைந்தார். அவருக்கு மருத்துவமும் இசையும் இரு வேறு வாழ்க்கைகள். ஐயரோ அறிவியலையும் இசையையும் ஒன்றாக்கினார். இயற்பியலை விட்டபின் 1998இல் அவர் முடித்த வேறொரு முனைவர் ஆய்வு, ஆப்பிரிக்க, கறுப்பின அமெரிக்க இசையில் தாளத்தை உடல் எப்படி உணர்கிறது என்பதைப் பற்றியது. தாளக்காரர் ஓர் அடியை நூலிழை தாமதித்து வைக்கிறார். விநாடியில் நூறில் சில பங்குதான். ஏட்டில் அது பிழை. கேட்பவருக்கோ அந்தத் தாமதம்தான் தலையை ஆட்ட வைக்கிறது. நடக்கிற, மூச்சு விடுகிற உடம்பிலிருந்து தாளம் பிறக்கிறது என்று ஐயர் வாதிட்டார். பம்பைக்காரரும் உறுமிக்காரரும் நம் மாரியம்மன் பண்டிகையில் செய்து காட்டுவதும் அதையே.

மாணவர்களுக்காக ஒரு கணக்கு. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. நான்கு மாத்திரையை இந்த இரண்டால் எத்தனை விதமாக நிரப்பலாம்? ஐந்து விதமாக. ஐந்து மாத்திரையை எட்டு விதமாக, ஆறு மாத்திரையைப் பதின்மூன்று விதமாக. முந்தைய இரண்டையும் கூட்டினால் அடுத்தது வந்துவிடும். இத்தாலியின் ஃபிபோனாச்சி 1202இல் எழுதிய வரிசை இது. அவருக்கு முன்பே விரகாங்கரும் ஹேமச்சந்திரரும் யாப்பை எண்ணும்போது கண்டது. 2009இல் வந்த ‘ஹிஸ்டாரிசிட்டி’ தொகுப்பில், ரானி ஃபாஸ்டரின் ‘மிஸ்டிக் புரூ’ பாடலை ஐயரின் மூவர் குழு இந்த எண்களின் விகிதத்தில் நெடிலும் குறிலுமாகப் பிரித்து வாசித்தது. கணக்குத் தெரியாதவர்களும் அதற்குக் கால் தட்டுவார்கள். அதனால்தான் அதைச் சாதனை என்கிறேன்.

அதே தொகுப்பில் ‘கலாங்’ பாடலும் உண்டு. லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்து, போரால் மீண்டும் லண்டனுக்குப் பெயர்ந்த ஈழத் தமிழ்ப்பெண் மாயா அருள்பிரகாசத்தின் பாடல் அது. ராணிப்பேட்டையிலிருந்து கிடாருடன் கிளம்பிய பிரசன்னாவோடு ஐயர் சேர்ந்து செய்த ‘தீர்த்தா’ என்ற தொகுப்பு 2011இல் வந்தது. ராகத்தை மேலே தூவிக் கொடுக்கும் கலவை இசையை அதில் தேடினால் ஏமாந்துபோவீர்கள். கர்நாடக இசையிலிருந்து ஐயர் எடுத்துக்கொண்டது பெரும்பாலும் தாளச் சுழற்சியை. அது எலும்பாக உள்ளே இருக்கிறது.

2001இல் ஈரானிய இயக்குநர் ஜாஃபர் பனாஹியை நியூயார்க் விமான நிலையத்தில் பிடித்துச் சங்கிலியிட்டு வைத்தார்கள். அதைத் தொட்டுக் கவிஞர் மைக் லாடுடன் சேர்ந்து, விமான நிலையங்களில் சந்தேகிக்கப்படும் நிறத்தவரைப் பற்றி ஒரு முழுப் படைப்பே செய்தார் ஐயர். 2013இல் மெக்ஆர்தர் நல்கை, அடுத்த ஆண்டு ஹார்வர்டு பேராசிரியர் பதவி. விருதுகளை இதற்கு மேல் அடுக்க எனக்கு மனமில்லை.

அவரிடம் நான் மிக மதிப்பது வேறு. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகள் உண்டாக்கிய இசை ஜாஸ். அந்த இசைக்குத் தான் கடன்பட்டவன் என்பதை ஐயர் ஒருபோதும் மறைத்ததில்லை. மூத்த கறுப்பினக் கலைஞர்களிடம் மாணவராகவே நின்றார். நம் ஊரில் பறை அடிப்பவரைத் திருவிழாவுக்கு அழைக்கிறோம், அடித்து முடித்ததும் ஓரமாக நிறுத்துகிறோம். அவரிடம் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்ட படித்தவர் நம்மில் எத்தனை பேர்?

இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையின் பொறுப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டுச் சொற்பொழிவுக்கு, வசிஷ்ட நதிக் கரை ஊர்களில் பறையும் பம்பையும் வாசிக்கும் மூத்த கலைஞர் ஒருவரை அழையுங்கள். எனக்குத் தந்த அதே நாற்காலியை, அதே சன்மானத்தை அவருக்கும் கொடுங்கள். அவர் அடிக்கும் கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்ட நம் மாணவர் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும்.