அனுமதிக் கடிதத்தில் இல்லாத பொதுமக்கள்

(கொடைக்கானலில் நடந்த இளைஞர் கூடுகை ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



சினிமாவில் சாதி என்று பேசக் கூப்பிட்டால், திரையில் என்ன காட்டுகிறார்கள், யாரை நாயகன் ஆக்குகிறார்கள், யாரை அடியாள் ஆக்குகிறார்கள் என்றுதான் பேசுவோம். அதைப் பேச உங்களில் பலர் என்னைவிடத் தகுதியானவர்கள். எனக்குத் தெரிந்தது வேறு. பன்னிரண்டு வருடமாக அவுட்டோர் ஷூட்டிங்குக்கு இடம் பார்ப்பது, பர்மிஷன் வாங்குவது, யூனிட் வண்டிகள் நிற்க இடம் பிடிப்பது, இதுதான் என் பிழைப்பு. அதனால் நான் படத்தைப் பற்றிப் பேசவில்லை. தெருவில் நிற்கிற வண்டிகளைப் பற்றிப் பேசுகிறேன்.

ஒரு சின்னப் படத்துக்கே பத்துப் பன்னிரண்டு வண்டி வரும். கேரவன், ஜெனரேட்டர் வண்டி, லைட் வண்டி, கேமரா வண்டி, காஸ்ட்யூம், சாப்பாடு, ஜூனியர் ஆர்டிஸ்ட்டுகளை ஏற்றிவரும் பஸ். சமவெளியில் இவை ஏதாவது பள்ளி மைதானத்திலோ களத்துமேட்டிலோ நின்றுவிடும். இந்த மலையில் சமதளம் எங்கே இருக்கிறது? இருக்கிற சமதளமே ரோடுதான். அதனால் கொடைக்கானலில் ஷூட்டிங் என்றாலே ரோட்டை எடுத்துக்கொள்வது என்று அர்த்தம்.

பர்மிஷன் எங்கே வாங்குவோம்? ஏரிக்கும் ஊர்த் தெருக்களுக்கும் நகராட்சி. பிரையண்ட் பூங்காவுக்குத் தோட்டக்கலைத் துறை. தூண் பாறை, குணா குகைப் பக்கம் போனால் வனத்துறை. மலைப்பாதைக்கு நெடுஞ்சாலைத் துறை. எல்லாவற்றுக்கும் மேலே மாவட்ட நிர்வாகமும் போலீசும். அலையாய் அலைந்து வாங்குகிற அந்தக் கடிதத்தில் தேதி இருக்கும், நேரம் இருக்கும், வண்டி எண்ணிக்கை இருக்கும், கட்டணம் இருக்கும். கடைசியில் ஒரு வரி இருக்கும்: பொதுமக்களுக்கு இடையூறு இல்லாமல் நடத்த வேண்டும். நான் பார்த்த கடிதம் எதிலும் இந்த வரி விடுபட்டதில்லை. அந்தப் பொதுமக்கள் யார் என்று எந்தக் கடிதத்திலும் எழுதியிருந்ததும் இல்லை.

ஏரிக்குப் போகும் வழியில் ஒரு காலை. கேரவன் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு அக்கா மலைப்பூண்டும் கேரட்டும் பரப்பி உட்கார்ந்திருந்தார். யூனிட் ஆள் ஒருவர் போய், "ஏம்மா, கூடையத் தூக்கி அந்தப் பக்கம் வையி, ஷூட்டிங் இருக்கு" என்றார். வயதில் அந்த அக்காவுக்கு அவர் பிள்ளை மாதிரி. அக்கா கேட்டார்: "எத்தன நேரம் சாமி?" பதில் இல்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "ரோட்டுக்குப் பணம் கட்டுனீகளா தம்பி? யாருட்ட கட்டுனீக?" நகராட்சியில் என்றேன். "நானும் அங்கதான கந்தாயம் கட்டுறேன்" என்றார். அன்று மாலை ஐந்து மணி வரை அந்த இடத்தில் கேரவன் நின்றது. அக்காவின் அன்றைய வியாபாரம் போனதற்கு எங்கள் பட்ஜெட்டில் தலைப்பு இல்லை. பூங்காவுக்கு, போலீஸ் பாதுகாப்புக்கு, பவுன்சருக்கு எல்லாம் தலைப்பு இருக்கிறது.

அந்தப் பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது, நினைவிருக்கட்டும். பூண்டுக்குக் கிடைத்த காகிதம் அதை விற்கிறவருக்கு உதவவில்லை. இத்தனைக்கும் அவருக்கு ஒரு சட்டம் இருக்கிறது. 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி ஒரு வியாபாரியை இடம் மாற்ற 30 நாள் நோட்டீஸ் தர வேண்டும். ஊர் வியாபாரக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். ஒரு நாள்தானே, இதற்கெல்லாமா சட்டம் என்பார்கள். அன்றாடம் காய்ச்சிக்கு ஒரு நாள் என்றால் என்ன என்பதை இந்தக் கூட்டத்தில் நான் விளக்க வேண்டியதில்லை.

இங்கே கொஞ்சம் பழைய கதைக்குப் போக வேண்டும். 1845இல் அமெரிக்க மிஷனரிகள் இங்கே வீடு கட்டினார்கள். அப்போது வண்டி ஏறும் ரோடு கிடையாது. வெள்ளைக்காரர்கள் டோலியிலும் நாற்காலியிலும் கூலிகளின் தோள்மேல் ஏறி வந்தார்கள். 1910களில் லாஸ் காட் ரோடு வந்த பிறகுதான் மோட்டார் வண்டி ஏறியது. இந்த மலையின் முதல் போக்குவரத்து உழைக்கிறவர்களின் தோள்தான்.

சமவெளியில் என்ன நிலைமை? 1893இல் அய்யன்காளி திருவிதாங்கூரில் வில்வண்டி ஏறிப் பொது ரோட்டில் போனதே கலகமாகப் பார்க்கப்பட்டது. வண்டியும் ரோடும்தான் அங்கே பிரச்சினை. 1924 மார்ச் 30இல் வைக்கத்தில் தொடங்கியது கோயிலுக்குள் போகும் போராட்டம் அல்ல, கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கும் போராட்டம். தெருவில் ஒரு பலகை, அதைத் தாண்டி இன்னார் வரக்கூடாது என்று. அதே 1924இல் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசனும் மற்ற ஆதிதிராவிடப் பிரதிநிதிகளும் போராடித்தான், பொதுச்சாலையும் பொதுக்கிணறும் எல்லாருக்கும் திறந்தவை என்ற தீர்மானம் வந்தது. பொது என்ற அந்தச் சொல்லுக்கு நம் ஆட்கள் கொடுத்த விலை இது.

ஷூட்டிங் பலகையும் வைக்கம் பலகையும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் வைக்கத்தில் அடிவாங்கியவர்களுக்கு அவமரியாதை. ஆனால் சம்பளத்துக்கு வந்த பவுன்சர் ஒருவர் ரோட்டில் கையை நீட்டி "இந்தப் பக்கம் போகாதே" என்னும்போது, யாரைப் பார்த்து ஒருமையில் சொல்கிறார், யாருக்காகக் கையை இறக்கிக் கும்பிடு போடுகிறார் என்று கவனியுங்கள். இன்னோவாவுக்குக் கை இறங்கும். தலைச்சுமைக்கு இறங்காது.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 115ஆம் பிரிவின்படி வண்டிகளைத் தடுக்கும் அதிகாரம் அரசுக்கும் அரசு அதிகாரம் கொடுத்தவர்களுக்கும் மட்டும்தான். ஒரு மாதத்துக்கு உட்பட்ட தடை என்றால் அரசிதழில் போட வேண்டியதில்லை, ஆனால் உள்ளூரில் விளம்பரம் செய்தாக வேண்டும். நான் வேலை செய்த படங்களில் உள்ளூர் விளம்பரம் என்பது காலை ஆறு மணிக்கு ரோட்டின் குறுக்கே நாங்கள் கட்டிய கயிறுதான்.

லாஸ் ஏஞ்சல்ஸில் இந்த வேலையை ஃபிலிம்எல்ஏ என்ற அமைப்பு பார்க்கிறது. ஷூட்டிங் நடக்கும் இடத்தைச் சுற்றி 500 அடிக்குள் குடியிருப்பவர்களுக்கும் கடை வைத்திருப்பவர்களுக்கும் முன்கூட்டியே எழுத்தில் தகவல் போக வேண்டும். எந்தத் தேதி, எத்தனை மணி, வண்டிகள் எங்கே நிற்கும் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஹாலிவுட் இதனால் மூழ்கிவிடவில்லை. ஆனால் அங்கேயும் கதவு இருப்பவருக்குத்தான் நோட்டீஸ். நடைபாதையில் வாழ்பவருக்கு எந்தக் கதவில் ஒட்டுவது? நாம் அதை அப்படியே இறக்குமதி செய்தால் நம் அக்கா மறுபடியும் வெளியேதான் நிற்பார்.

காட்டுப் பக்கம் வாருங்கள். 1991இல் 'குணா' எடுத்தார்கள், அதுவரை பிசாசின் சமையலறை என்றிருந்த குகைக்குப் படத்தின் பெயரே பெயராகிவிட்டது. 2024இல் 'மஞ்சும்மெல் பாய்ஸ்' வந்ததும் கூட்டம் திரும்பவும் அங்கே குவிந்தது. ஒரு படம் ஒரு இடத்தில் எத்தனை நாள் எடுக்கப்படுகிறது என்பது சின்னக் கணக்கு. அதன் பிறகு முப்பது வருடம் அந்த ரோட்டில் எத்தனை வண்டி ஏறுகிறது என்பது பெரிய கணக்கு. அனுமதி கொடுக்கும்போது முதல் கணக்கை மட்டும்தான் பார்க்கிறார்கள். 2013இல் இங்கே சுமார் 609 சதுர கிலோமீட்டர் வனவிலங்கு சரணாலயம் ஆனது. சரணாலயத்துக்குள் படம் எடுக்க அனுமதி கொடுக்கலாம், ஆனால் வாழிடத்தை மாற்றாமல், பாதிக்காமல் எடுக்க வேண்டும் என்று 2022 திருத்தம் சொல்கிறது. நல்லது. யானைக்கும் காட்டுமாட்டுக்கும் இருக்கிற அந்த வரி பளியருக்கு இல்லை. காட்டை மூடும்போது தேனெடுக்கப் போகிறவருக்கும் கிழங்கு தோண்டுகிறவருக்கும் மூடுகிறார்கள். 2006 வன உரிமைச் சட்டம் கிராமசபைக்கு அதிகாரம் தந்திருக்கிறது. ஷூட்டிங்குக்காக ஒரு பளியர் குடியிருப்பின் கிராமசபையில் போய்க் கேள் என்று பன்னிரண்டு வருடத்தில் ஒரு அதிகாரிகூட என்னிடம் சொன்னதில்லை.

அரசு அனுமதி தவிர ஊர் அனுமதி என்று ஒன்று இருக்கிறது. கிராமத்தில் ஷூட்டிங் என்றால் முதலில் ஊர்ப் பெரியவர்களைப் பார்ப்போம். கோயிலுக்கு நன்கொடை கொடுப்போம். ஊர் என்றால் யார் ஊர் என்பது உங்களுக்குத் தெரியும். காலனியில் காட்சி எடுத்தாலும் காசு போவது ஊர்க்கோயிலுக்குத்தான். காலனித் தெருவுக்கு யாரிடமும் கேட்பதில்லை, அது செட் போட்டது மாதிரி இருக்கிறது என்று கேமராமேன் பாராட்டுவார், அவ்வளவுதான். லைட் தூக்குகிறவர்களில் பாதிப்பேர் அதே மாதிரித் தெருவிலிருந்து வந்த பிள்ளைகள். அவர்களின் பாட்டா நிற்கக் கூடாது என்பதால்தான் ஷூட்டிங்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

ஒழுங்குபடுத்த முடியாது என்பவர்களுக்கு ஒன்று. 2023 ஏப்ரலில் தென்காசிப் பக்கம் 'கேப்டன் மில்லர்' படப்பிடிப்பை உரிய அனுமதி இல்லை என்று மாவட்ட ஆட்சியர் நிறுத்தினார். பெரிய படம், பெரிய நடிகர், நின்றது. 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவால் இந்த மலைக்கு இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டி என்று வரம்பும் வந்தது. மனசு வைத்தால் எண்ண முடிகிறது. ஆனால் இ-பாஸ் மலை ஏறும் வண்டியை எண்ணுகிறது. ஏறிய வண்டி யாருடைய இடத்தில் எத்தனை மணி நேரம் நிற்கிறது என்பதை எண்ணுவதில்லை.

நகராட்சிக்கு ஒரு மனு எழுதியிருக்கிறோம். ஷூட்டிங் விண்ணப்பத்தில் மூன்று இடம் சேர்க்கச் சொல்லியிருக்கிறோம். அந்த இடத்தில் வியாபாரம் செய்பவர்களின் பட்டியலும் அவர்களுக்கான அன்றைய நஷ்ட ஈடும், அது கட்டிய பிறகே கடிதம். ஒரு வாரம் முன்பே தமிழில் அறிவிப்பு, பேருந்து நிலையத்திலும் ரேஷன் கடையிலும். கடைசியாக, படப்பிடிப்பு முடிந்ததும் குப்பை அள்ளுவதற்கு யூனிட்டே கூலி கட்டுவது. இப்போது ராத்திரி பேக்கப் ஆனதும் நாங்கள் கிளம்பிவிடுகிறோம், விடிகாலையில் இலையும் தட்டும் பாட்டிலும் பொறுக்குவது நகராட்சித் தூய்மைப் பணியாளர்கள். அவர்கள் எந்தச் சாதி என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மனு மட்டும் போதாது. தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, கடந்த மூன்று வருடத்தில் கொடுத்த ஷூட்டிங் அனுமதிகளின் நகல், வாங்கிய கட்டணம், ரோடு அடைத்த நாட்கள், இவற்றைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். மாதிரி விண்ணப்பம் வாசலில் மேசைமேல் வைத்திருக்கிறேன். ஊட்டி, ஏற்காடு, குற்றாலம் தோழர்கள் ஊர்ப்பெயரை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். நிரப்புவதில் சந்தேகம் இருந்தால் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் வாருங்கள், நான் அந்தப் பக்கத்து மேசையில்தான் இருப்பேன்.