தமிழ்க் கத்தோலிக்கரும் கட்சி அரசியலும்



முதல் உலகப் போர் 1918இல் ஓய்ந்தது. இரண்டாம் போர் 1939இல் மூண்டது. இடைப்பட்ட அந்தக் காலத்தில் ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில் கத்தோலிக்கர்கள் தமக்கென அரசியல் கட்சிகளை நடத்தி வந்தனர். நம் தமிழ்நாட்டிலும் கத்தோலிக்கர் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர். கொங்கு நாட்டிலே, கோவையை அடுத்த கருமத்தம்பட்டியில், பதினேழாம் நூற்றாண்டிலேயே அச்சமயம் வேரூன்றிவிட்டது. ஆயினும், பெயர் சொல்லத்தக்க கத்தோலிக்கர் கட்சி ஒன்று இங்கே எழவில்லை. கட்சிக்குப் பதிலாக இங்கே என்ன இருந்தது? அதனால் யார் பயன் பெற்றனர்? யார் பயன் பெறாது நின்றனர்? இவற்றையே இன்று நாம் ஆராய்வோம்.

முதலில் இத்தாலியைப் பார்ப்போம். 1870இல் உரோமை நகரை இத்தாலிய அரசு கைப்பற்றியது முதல் பாப்பரசருக்கும் அரசுக்கும் பகை நிலவியது. நாட்டுப் பொதுத் தேர்தல்களில் கத்தோலிக்கர் கலந்துகொள்ளலாகாது என்ற கட்டுப்பாடும் இருந்து, மெல்ல மெல்லத் தளர்ந்தது. இந்நிலையில், சிசிலித் தீவைச் சேர்ந்த லூயிஜி ஸ்டூர்சோ என்னும் குருவானவர் 1919ஆம் ஆண்டு ஜனவரியில் 'இத்தாலிய மக்கள் கட்சி'யைத் தொடங்கினார். கட்சியின் பெயரில் சமயத்தின் பெயர் இல்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். சிறு உழவர்க்கு நிலம், ஊராட்சிகளுக்கு உரிமை, பெண்களுக்கு வாக்கு என்பன அதன் கோரிக்கைகள். அவ்வாண்டு நவம்பர்த் தேர்தலில் 508 இடங்களில் 100 இடங்களை அக்கட்சி பெற்றது.

அத்துணை வலிமை பெற்ற கட்சி ஏழே ஆண்டுகளில் மறைந்தது. 1922இல் முசோலினி பதவிக்கு வந்தபோது கட்சியினர் சிலர் அவருடைய அமைச்சரவையில் சேர்ந்தனர். ஸ்டூர்சோ அதை விரும்பவில்லை. வத்திக்கானோ, கட்சியை நம்புவதினும் அரசோடு நேரே உடன்பாடு காண்பதே நலம் என்ற பக்கம் சாய்ந்தது. 1923இல் ஸ்டூர்சோ தலைமைப் பொறுப்பை விட்டு விலக நேர்ந்தது. 1924இல் அவர் இலண்டனுக்குச் சென்றார். 1926இல் கட்சி கலைக்கப்பட்டது. 1929இல் பாப்பரசரும் முசோலினியும் உடன்படிக்கை செய்துகொண்டனர். ஜெர்மனியில் 1870இல் தோன்றிய கத்தோலிக்கரின் மையக் கட்சியும் 1933 மார்ச்சில் ஹிட்லருக்கு முழு அதிகாரம் தரும் சட்டத்திற்கு வாக்களித்தது. அவ்வாண்டு ஜூலையிலேயே தன்னைத் தானே கலைத்துக்கொண்டது. திரளான வாக்குகள் மட்டுமே ஒரு கட்சியைக் காத்துவிடா என்பதற்கு இவ்விரண்டும் சான்றுகள்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1919ஆம் ஆண்டின் இந்திய அரசாங்கச் சட்டத்தின்கீழ்ச் சென்னை மாகாணச் சட்டசபைக்கு 98 உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவற்றுள் 5 இடங்கள் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு உரியவை. கிறிஸ்தவ வாக்காளர் மட்டுமே வாக்களித்து அவ்வைவரையும் தேர்ந்தெடுப்பர். இதற்குத் தனி வாக்காளர் தொகுதி என்று பெயர். கஞ்சம் முதல் திருநெல்வேலி வரை பரந்து கிடந்த மாகாணத்திற்கு ஐந்தே இடங்கள் என்றால், ஒவ்வொரு தொகுதியும் பல மாவட்டங்களை உள்ளடக்கியது என்பது சொல்லாமலே விளங்கும். தன் வேட்பாளரின் முகத்தைக் காணாமலே வாக்களித்தோர் பலர் இருந்திருப்பர். சட்டமே தனி இடம் வகுத்துக் கொடுத்துவிட்டமையால், அந்த இடத்தை வெல்வதற்குத் தனிக் கட்சி தேவைப்படவில்லை. கட்சி எழாமைக்கு இஃது ஒரு முக்கிய காரணம் என்பது என் கருத்து.

இம்முறை நல்லதா என்பது பற்றிக் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்தது. சேலத்திலே 1876இல் பிறந்தவர் கே. டி. பால். இவர் சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்தவர். தஞ்சைப் பகுதியிலே 1888இல் பிறந்தவர் ஏ. டி. பன்னீர்செல்வம். இவர் கத்தோலிக்கர், நீதிக்கட்சித் தலைவர்களுள் ஒருவர். 1930இல் இலண்டனில் கூடிய முதல் வட்டமேசை மாநாட்டில் இவ்விருவரும் இந்தியக் கிறிஸ்தவர்களின் பிரதிநிதிகளாக அமர்ந்தனர். பால் அவர்கள் எல்லாரும் சேர்ந்து வாக்களிக்கும் கூட்டுத் தொகுதியை விரும்பினார். பன்னீர்செல்வம் அவர்கள் தனித் தொகுதியின் பக்கம் நின்றார். பால் 1931இல் காலமானார். அவ்வாண்டு நடந்த இரண்டாவது மாநாட்டில் ஆகாகான், டாக்டர் அம்பேத்கர் முதலியோருடன் சேர்ந்து பன்னீர்செல்வமும் சிறுபான்மையினர் உடன்படிக்கையில் ஒப்பமிட்டார்.

இரு தரப்பிலும் நியாயம் உண்டு. சிதறி வாழும் ஒரு சிறு கூட்டம் பொதுத் தேர்தலில் ஓரிடமும் பெறாமற் போகலாம் என்ற அச்சம் பொய்யன்று. ஆனால், கிறிஸ்தவன் தன் பெட்டியில் மட்டுமே வாக்கிட்டால், பொதுத் தொகுதி வேட்பாளன் அவன் வீட்டுப்படி ஏற வேண்டியதில்லை; அவன் குறையைக் கேட்க வேண்டிய கட்டாயமும் இல்லை. கிறிஸ்தவ உறுப்பினனுக்கும் பிறருடைய குறையைக் கேட்கும் கடமை இல்லாமற் போகிறது.

பன்னீர்செல்வத்தின் வாழ்க்கையே இந்த வாதத்திற்கு விளக்கம் தருகிறது. அவர் புகழ் பெற்றது தனித் தொகுதியால் அன்று. தஞ்சை மாவட்டக் கழகத்தின் தலைவராக இருந்து ஆற்றிய பொதுப்பணியால் அவர் பெயர் பெற்றார். வடமொழி மட்டுமே கற்பிக்கப்பட்டு வந்த திருவையாற்றுக் கல்லூரியில் தமிழுக்கு இடம் கிடைக்கப் பாடுபட்டவர்களுள் அவரும் ஒருவர். 1938 டிசம்பரில் நீதிக்கட்சி ஈரோட்டுப் பெரியாரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் பெரியார் சிறையில் இருந்தமையால், அவருடைய தலைமையுரையை மாநாட்டில் வாசித்தவர் பன்னீர்செல்வமே. கடவுள் மறுப்பாளர் ஒருவரின் உரையைக் கத்தோலிக்கர் ஒருவர் வாசித்தார். மொழியும் சமூக நீதியும் அவ்விருவரையும் ஒரே மேடையில் நிறுத்தின. 1940 மார்ச் முதல் நாள், இலண்டன் செல்லும் வழியில், அவர் ஏறிச் சென்ற 'ஹானிபல்' விமானம் ஓமான் வளைகுடாப் பகுதியில் மறைந்தது, அவரும் மறைந்தார்.

இத்துடன் கதை முடிந்துவிடவில்லை. அந்நாளில் வாக்குரிமை எல்லார்க்கும் உரியதன்று. சொத்து, வரி ஆகிய தகுதிகளைப் பொறுத்தே அது கிடைத்தது. பிறர் தோட்டத்தில் கூலிக்கு உழைத்த தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவனுக்கு அத்தகுதிகள் எட்டாதவை. 1935ஆம் ஆண்டுச் சட்டம் 215 பேர் கொண்ட சென்னைச் சட்டசபையில் கிறிஸ்தவர்களுக்கு 8 இடங்கள் தந்தது. அதனைத் தொடர்ந்து 1936இல் வெளியான ஆணையோ, இந்தியக் கிறிஸ்தவர் எவரும் அட்டவணைச் சாதியினராகக் கருதப்படார் என்று விதித்தது. ஆகவே தாழ்த்தப்பட்டோர்க்கு ஒதுக்கிய இடங்களில் அவனுக்குப் பங்கில்லை. கிறிஸ்தவர்க்கு ஒதுக்கிய இடங்களைத் தேர்ந்தெடுப்பதிலும் அவன் பெயரளவில் மட்டுமே இருந்தான். சமூகத்தைக் காக்க எழுப்பிய வேலி, அச்சமூகத்தின் உள்ளே இருந்த ஏற்றத்தாழ்வை வெளியார் கண்ணுக்கு மறைத்தது.

விடுதலைக்குப் பின் அந்த வேலி அகற்றப்பட்டது. 1949 மே மாதம், சமயச் சிறுபான்மையினர்க்குச் சட்டமன்ற இடஒதுக்கீடு வேண்டாம் என்று அரசியல் நிர்ணய சபை முடிவு செய்தது. சென்னை மாகாணத்திலிருந்து அச்சபைக்குச் சென்றிருந்த இயேசு சபைக் குரு ஜெரோம் டிசூசா அம்முடிவை ஆதரித்துப் பேசினார். வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்கு வந்தது. ஒரே பெட்டியும் வந்தது. ஆனால் 1936ஆம் ஆண்டு ஆணையின் நிழல் அகலவில்லை. 1950ஆம் ஆண்டு ஆணை அட்டவணைச் சாதித் தகுதியைப் பொதுவாக இந்துக்களுக்கே உரியதாக்கியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் அதில் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை.

மாணவர்களே, வரலாற்று நூல்களில் எந்தச் சமூகத்துக்கு எத்தனை இடம் என்ற பட்டியலைக் காணும்போது, எண்ணிக்கையோடு நின்றுவிடாதீர்கள். அவ்விடத்திற்கு வாக்களித்தவர் யார்? வாக்களிக்க இயலாது வெளியே நின்றவர் யார்? ஒருவர் வாக்கைக் கேட்க மற்றொருவர் அவர் வாயிலுக்கு வர வேண்டியிருந்ததா? இம்மூன்றையும் கேளுங்கள். இத்தாலியக் கட்சியின் வீழ்ச்சியும் நம் மாகாணத்துத் தனித் தொகுதியின் குறையும் அப்போது தெளிவாக விளங்கும்.